கதிர்ச்சிகிச்சைக்கும் நேரம் பார்க்க வேண்டுமா?

லொங்குய்யில் இரவு வேலை முடித்து விடியற்காலையில் வீடு திரும்பும் எம்மவர் ஒருவருக்குப் புற்றுநோய் எனத் தெரியவருகிறது என்று வைத்துக்கொள்வோம். கதிர்ச்சிகிச்சைக்கு நேரம் குறித்த தாள் கைக்கு வந்ததும் அவர் மனதில் எழும் 'காலையா, மாலையா?' என்ற வினா, வேலையை மட்டுமன்றி உடலையும் பற்றியதாகும்.

மனிதர் உட்பட, பாலூட்டிகளின் மூளையில் இரவையும் பகலையும் அறிந்து இயங்கும் கடிகாரம் ஒன்று உண்டு. தோல், குடல் முதலியவற்றின் கலங்களிலும் அதனோடு இசைந்த சிறு கடிகாரங்கள் உள்ளன. கலம் எப்போது பிரிய வேண்டும், தன் பழுதை எப்போது சீர்செய்ய வேண்டும் என்பதில் இவற்றுக்குப் பங்குண்டு. பிரியும் தறுவாயிலுள்ள கலத்தையே கதிர்வீச்சு எளிதில் அழிக்கின்றது.

2013இல் வெளியான கலிபோர்னிய ஆய்வொன்றில், காலையில் கதிர்வீச்சுப் பெற்ற எலிகள் 85 வீதமான உரோமத்தை இழந்தன; மாலையில் பெற்றவை 17 வீதத்தையே இழந்தன. உரோம வேர்க் கலங்கள் காலையிலேயே மிகுதியாகப் பிரிந்தமைதான் காரணம். ஆனால் எலி இரவில் விழித்திருக்கும் பிராணி. அதன் நேரக் கணக்கை நாம் அப்படியே எமக்குப் பொருத்திவிட முடியாது.

மனிதரிடையே கனடாவிலேயே இது பரிசோதிக்கப்பட்டது. தலை, கழுத்துப் புற்றுநோயாளர் 216 பேர் சேர்க்கப்பட்ட அந்த ஆய்வின் முடிவு 2009இல் வெளியானது. காலை 8 முதல் 10 மணிக்குள் சிகிச்சை பெற்றோரில் 52.9 வீதமானோருக்கும், மாலை 4 முதல் 6 மணிக்குள் பெற்றோரில் 62.4 வீதமானோருக்கும் கடுமையான வாய்ப்புண் உண்டாயிற்று. எனினும் இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதால், காலையே சிறந்தது என உறுதியாகவில்லை. அதே ஆண்டில் இந்தியாவின் லக்னோவிலிருந்து வெளியான ஆய்விலும் மாலைப் பிரிவினரே கூடுதலாகத் துன்புற்றனர். அங்கும் ஐயம் முற்றாக நீங்கவில்லை. வெற்றிலை, புகையிலையால் வாய்ப்புற்றுநோய் மலிந்த எமது சமூகத்துக்கு இது அயலார் செய்தியன்று.

ஆகவே, விரும்பிய நேரம் கிடைக்கவில்லை என்று எவரும் ஒரு நாள் சிகிச்சையையேனும் தவறவிடலாகாது. இடைவெளி நோய்க்கே வலுவூட்டும். அதேவேளை, இரவு வேலை செய்பவரின் உடற்கடிகாரம் பிறருடையதைப் போல் ஓடுவதில்லை. வேலை நேரத்தையும் உறங்கும் நேரத்தையும் வைத்தியரிடம் கூறத் தயங்க வேண்டாம். பிரெஞ்சு மொழி கைகொடாவிடின், மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுவோம். கேட்பதில் இழுக்கில்லை.