கம்பி வழியே வரும் டாக்டர்

கைபேசியை மார்பின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டால், முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் டாக்டருக்கு உங்கள் இதயத் துடிப்பு கேட்குமா?

"ஏன் கேட்காது? பேச்சு கேட்கிறதே!" என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆனால் பேச்சு வேறு, இதய ஒலி வேறு. மனிதப் பேச்சை விளங்கிக்கொள்ள ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸ் முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்களே போதும். ஆகவே அந்த அளவுக்குத்தான் தொலைபேசி வழிகளை நெடுங்காலம் அமைத்து வந்தார்கள். இதயத்தின் 'லப்-டப்' ஒலியில் பெரும்பகுதியோ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. அதாவது, தொலைபேசி தன் வாசலிலேயே இதய ஒலியைத் தடுத்து நிறுத்திவிடுகிறது! இன்றைய கைபேசி வழிகள் சற்று அகலமானவை. ஆயினும் அவற்றின் மைக்கும், இரைச்சலை நீக்கும் அமைப்பும் பேச்சுக்காகவே செய்யப்பட்டவை. பேச்சு அல்லாத ஒலியை இரைச்சல் என்று கருதி அவை தள்ளிவிடக்கூடும்.

இந்தச் சிறிய உண்மையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தொலைவிலிருந்தே நோயாளியைப் பார்க்கும் முறைக்குத் 'தொலை மருத்துவம்' என்று பெயர். அதைப் பற்றி எழுந்த சட்டச் சிக்கல்களையும், மக்களின் தயக்கத்தையும் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வி போதும்: கம்பி எதைக் கொண்டு வருகிறது? எதை வழியிலேயே விட்டுவிடுகிறது?

குழலிலிருந்து கம்பிக்கு

1816-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் லெனெக் என்ற டாக்டர் ஓர் இளம்பெண்ணைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. அக்கால வழக்கப்படி மார்பில் நேராகக் காதை வைத்துக் கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையை மார்பிலும் மறு முனையைக் காதிலும் வைத்தார். ஒலி முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது! ஸ்டெதாஸ்கோப் பிறந்த கதை இதுதான். டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவே ஒரு கருவி புகுந்தால் நன்மையும் விளையும் என்பதற்கு இது நல்ல சான்று.

குழலின் இடத்தில் கம்பி வந்தது 1905-இல். ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில் ஐந்தோவன் என்ற அறிஞர் இதயத்தின் மின்னோட்டத்தை வரையும் கருவி ஒன்றை அமைத்திருந்தார். அதன் எடை கால் டன்னுக்கும் மேல். அதை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல இயலாது. நோயாளிகளையும் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வருவது கடினம். எனவே மருத்துவமனையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியாக இதயத்தின் மின்குறிகளை அனுப்பிப் பதிவு செய்தார். 1924-இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

இதய ஒலி போகத் தடுமாறும் கம்பியில், இதய மின்குறி எப்படிப் போயிற்று? ஐந்தோவன் தோலிலிருந்தே மின்னழுத்தத்தை எடுத்தார். மின்குறியைக் கொண்டுசெல்வதுதான் கம்பியின் தொழில். ஒலியை அனுப்ப வேண்டுமானால் முதலில் அதை மின்குறியாக மாற்ற வேண்டும்; அந்த மாற்றத்திலும் இழப்பு நேரக்கூடும்.

நம் நாட்டில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2001-இல் ஒரு முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. சென்னை அப்பல்லோ மருத்துவமனையும், ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலுள்ள அரகொண்டா என்ற கிராமத்து மருத்துவமனையும் செயற்கைக்கோள் வழியே இணைக்கப்பட்டன.

ஒளி எட்டும், விரல் எட்டாது

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? புவிநிலைச் செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறி இறங்க 72,000 கிலோமீட்டர். ரேடியோ அலையின் வேகம் விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். ஆகவே டாக்டரின் கேள்வி நோயாளியை அடைய 0.24 விநாடி, பதில் திரும்பி வர இன்னொரு 0.24 விநாடி. பேச்சில் அரை விநாடித் தயக்கம் தெரியும், அவ்வளவுதான். ஒளியிழையில் அதுகூட இல்லை. அதில் ஒளி விநாடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்வதால், 600 கிலோமீட்டரைக் கடக்க ஒரு விநாடியில் ஆயிரத்தில் மூன்று பங்கே ஆகும்.

ஆகவே தொலைவு ஒரு தடையே அல்ல. தடை வேறிடத்தில் இருக்கிறது. வயிற்றுவலி என்று வரும் சிறுவனை டாக்டர் என்ன செய்கிறார்? படுக்க வைத்து, அடிவயிற்றின் வலப்பக்கத்தை மெல்ல அழுத்திச் சட்டென்று விடுகிறார். விடும்போது வலி மிகுந்தால் குடல்வால் அழற்சியோ என்று ஐயுறுகிறார். வயிறு பலகைபோல் விறைத்திருக்கிறதா என்பதை அவர் விரல் சொல்கிறது. எவ்வளவு தெளிவான கேமராவும் இதைச் சொல்லாது.

நிறமும் ஏமாற்றும். மஞ்சட்காமாலையில் விழியின் வெண்பகுதி மஞ்சளாகும். மஞ்சள் விளக்கின் கீழ் எல்லாருடைய விழியும் மஞ்சளாகவே தோன்றும்! கேமராவோ தானாகவே நிறத்தைத் 'திருத்தி', உண்மையான மஞ்சளையும் சிறிது வெளுத்துக் காட்டிவிடக்கூடும்.

பொறுப்பு யாருடையது?

இப்போது சட்டத்தின் கேள்விக்கு வருவோம். டாக்டர் ஓர் ஊரில், நோயாளி வேறோர் ஊரில். நேரில் தொட்டுப் பார்க்காமல் மருந்து சொல்லலாமா? தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு? மறுமுனையில் பேசுபவர் உண்மையிலேயே டாக்டர்தான் என்பதற்கு என்ன சாட்சி?

நெடுங்காலம் இக்கேள்விகளுக்கு நம் நாட்டில் தெளிவான விடை இல்லை. 2018-இல் மும்பை உயர்நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. அறுவை மூலம் பிள்ளை பெற்ற ஒரு பெண் மீண்டும் உடல்நலம் குன்றி மருத்துவமனைக்கு வந்தபோது டாக்டர்கள் அங்கே இல்லை. தொலைபேசி வழியே மருந்துகள் சொல்லப்பட்டன. பின்னர் அந்தப் பெண் இறந்துபோனார். டாக்டர்கள் கேட்ட முன்ஜாமீனை நீதிமன்றம் மறுத்தது. நோயைக் கண்டறியாமல் மருந்து சொல்வதை அது கடுமையாகக் கண்டித்தது. முன்ஜாமீன் மறுப்பு இறுதித் தீர்ப்பு ஆகாது. எனினும் நாடெங்குமுள்ள டாக்டர்கள் திகைத்தார்கள். 'தொலைபேசியில் ஆலோசனை சொல்வதே குற்றமாகிவிடுமோ?' என்ற அச்சம் பரவியது.

இதில் இரு பக்கமும் உயிர்ப் பிரச்சினை இருப்பதைக் கவனியுங்கள். தொலைவிலிருந்து மருந்து சொல்வதைத் தாராளமாக விட்டுவிட்டால், பார்க்கப்படாத நோயால் ஒருவர் இறக்கலாம். அடியோடு தடுத்துவிட்டால், டாக்டர் இல்லாத மலைக்கிராமத்தில் இன்னொருவர் இறக்கலாம்.

விடை 2020 மார்ச் 25-ஆம் நாள் வந்தது. கொரோனாவால் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிய அதே நாளில் 'தொலை மருத்துவ நடைமுறை நெறிகள்' வெளியிடப்பட்டன. 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் ஒழுக்க விதிகளோடு அவை இணைக்கப்பட்டன.

கம்பிக்கு ஏற்ற மருந்து

இந்நெறிகளின் முதல் அடிப்படை இது: நேரில் பார்க்கும் டாக்டருக்கு என்ன பொறுப்போ, அதே பொறுப்பு தொலைவிலிருந்து பார்க்கும் டாக்டருக்கும் உண்டு. 'கம்பியின் குறை' என்று அவர் தட்டிக்கழிக்க முடியாது. தொலைவிலிருந்து பார்ப்பது போதுமா, நேரில் வரச்சொல்ல வேண்டுமா என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். தம் குறிப்புகளைப் பாதுகாத்து வைக்கவும் வேண்டும்.

அடுத்தது மருந்துப் பட்டியல்கள். இங்கேதான் நம் பௌதிகம் சட்டத்துக்குள் நுழைகிறது! காய்ச்சலுக்கான பாராசிட்டமால், வயிற்றுப்போக்குக்கான உப்பு-சர்க்கரைக் கரைசல் போன்றவை 'ஓ' பட்டியலில் உள்ளன. எழுத்து, குரல், வீடியோ எதன் வழியாகவும் இவற்றைச் சொல்லலாம். 'ஏ' பட்டியல் மருந்துகளை முதல் முறையாக எழுத வேண்டுமானால், வீடியோவில் நோயாளியைப் பார்த்தாக வேண்டும். 'பி' பட்டியல் மருந்துகள், ஏற்கெனவே நேரில் பார்த்த நோய்க்குத் தொடர் சிகிச்சையாக மட்டும். போதையூட்டும் மருந்துகளையும் 'எக்ஸ்' அட்டவணை மருந்துகளையும் எவ்வழியிலும் எழுதக்கூடாது.

இந்த வரிசையின் பொருள் புரிகிறதா? மருந்தின் ஆபத்து ஏற ஏற, நோயாளியைப் பற்றி டாக்டருக்குக் கிடைக்க வேண்டிய செய்தியின் அளவும் ஏறுகிறது. கம்பி எதை விட்டுவிடுகிறது என்பதைக் கணக்கிட்டுச் சட்டம் போட்ட வேலி இது.

மூன்றாவது, எல்லை. அமெரிக்காவில் பொதுவாக, நோயாளி எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அந்த மாநிலத்தின் உரிமம் டாக்டருக்கு வேண்டும். நம் நாட்டிலோ, பதிவு பெற்ற டாக்டர் இந்தியாவின் எப்பகுதியிலுள்ள நோயாளிக்கும் இம்முறையில் ஆலோசனை சொல்லலாம்.

கணிப்பொறிக்கும் ஒரு கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு டாக்டருக்கு உதவலாம். தானே நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது. தவறு நேர்ந்தால் பொறுப்பேற்கும் ஒரு மனிதர் வேண்டும் அல்லவா?

மக்கள் ஏற்றார்களா?

சட்டம் இடம் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. 'கையைப் பிடித்து நாடி பார்க்காதவர் என்ன டாக்டர்?' என்று கேட்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்க வேண்டாம். தொடுதலில் ஒரு செய்தி இருக்கிறது என்று நாம் மேலே கண்டதைத்தான் அவர்களும் தங்கள் மொழியில் சொல்கிறார்கள்.

இந்தத் தயக்கத்தைப் போக்க ஒரு நல்ல வழி உண்டு. தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, 2000-க்குப் பின் வந்த ஆண்டுகளில், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, ஒரே திசையில் அலையைக் குவித்து அனுப்பும் ஆன்டெனாக்கள் மூலம் சிற்றூர்க் கண் மையங்களை இணைத்தது. பயிற்சி பெற்ற பணியாளர் நோயாளியின் அருகிலிருந்து கண்ணைப் பரிசோதிப்பார்; தொலைவிலுள்ள டாக்டர் வீடியோவில் நோயாளியோடு பேசுவார். கம்பி விட்டுவிடுவதை அருகிலிருக்கும் கை நிரப்புகிறது! மத்திய அரசின் 'இ-சஞ்சீவனி' திட்டத்திலும் இப்படி ஒரு பிரிவு உண்டு. நோயாளி தம் ஊர் நல மையத்துக்குப் போனால், அங்குள்ள பணியாளர் அவரைத் தொலைவிலுள்ள டாக்டரோடு இணைக்கிறார். 2023-இன் தொடக்கத்தில் இத்திட்டத்தின் ஆலோசனைகள் 10 கோடியைத் தாண்டின.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. நேரில் வர விரும்பும் நோயாளியிடம், 'தொலைவிலிருந்தே பார்க்கிறேன்' என்று டாக்டர் வற்புறுத்தக்கூடாது. அது ஒழுக்க மீறல் என்று நெறிகள் சொல்கின்றன.

உங்கள் பங்கு

வீட்டில் பாட்டிக்காகக் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறவர் பெரும்பாலும் நீங்கள்தான். டாக்டரின் விரலும் கண்ணும் அப்போது ஓரளவு உங்களிடம் இருக்கின்றன. ஆகவே சிலவற்றை நினைவில் வையுங்கள்.

டாக்டரின் பெயரையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. மருந்துச் சீட்டில் அந்த எண் இருந்தாக வேண்டும். உங்களுக்கே உடல்நலம் இல்லையென்றால், பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். சிறுவரிடம் தனியாக ஆலோசனை நடத்த நெறிகள் இடம் தரவில்லை. நோயாளியைச் சன்னல் ஓரம் பகல் வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். பாட்டி தம் நோயைப் பற்றிப் பேசும்போது அக்கம்பக்கத்தார் கேட்க வேண்டியதில்லை. அறைக் கதவைச் சாத்துங்கள். முன்பு சாப்பிட்ட மருந்துகள், ஒவ்வாத மருந்துகள் எவை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மார்வலி, மூச்சுத்திணறல், நினைவிழப்பு என்றால் வீடியோவுக்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

ஒரு சோதனையும் செய்து பாருங்கள். வெள்ளைத் தாளில் சிறிது மஞ்சள்தூளை மெலிதாகத் தேய்த்து, இரவில் விளக்கொளியில் ஒன்றும், காலையில் சன்னலோரத்தில் ஒன்றுமாகக் கைபேசியில் இரண்டு படங்கள் எடுங்கள். இரண்டையும் தாளோடு ஒப்பிடுங்கள். எந்தப் படத்தை நம்பி ஒரு டாக்டர் மருந்து எழுதலாம் என்று நீங்களே தீர்மானியுங்கள்.