வாசிப்பைக் கேட்க ஒரு கருவி

குழந்தை உரக்கப் படிப்பதைக் கேட்டுத் திருத்தும் செயலிகள் வந்துவிட்டன. மாதேஸ்வரன் மலை போன்ற இடங்களுக்கு அவை உதவுமா?

மைசூரிலிருந்து சுமார் 150 கி.மீ. தொலைவில், தமிழக எல்லையை ஒட்டி நிற்கிறது மாதேஸ்வரன் மலை. 1997 வரை மைசூர் மாவட்டம், இப்போது சாமராஜநகர். கோயில் வாசலில் கன்னடமும் தமிழும் புழங்குகின்றன. சுற்றியுள்ள காட்டூர்களில் சோலிகர்கள் பேசுவது சோலிக மொழி. அரசுப் பள்ளிப் புத்தகமோ கன்னடத்தில். எழுத்தறியாத பெற்றோரின் குழந்தை உரக்கப் படித்தால் வீட்டில் திருத்த ஆளில்லை.

பள்ளியிலும் நிலைமை சிரமம்தான். ஒரு வகுப்பில் முப்பது பேர் என்றால், ஆளுக்கு ஒரு நிமிடம் கேட்டாலே அரை மணி நேரம் போய்விடும். விளைவு? 2024 'அசர்' ஆய்வின்படி, கிராமப்புற அரசுப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 23.4 சதவீதம் மட்டுமே.

இந்த இடைவெளியில்தான் கருவி நுழைகிறது. 2019 மார்ச்சில் கூகுள் 'போலோ' செயலியை அறிமுகம் செய்தது. உத்தரப் பிரதேசத்தில் 200 கிராமங்களில் சோதித்துப் பார்த்த பிறகு வந்தது அது. முதலில் இந்தியும் ஆங்கிலமும்தான். 2020ல் அதன் பெயர் 'ரீட் அலாங்' என்று மாறியது. பின்னர் தமிழும் அதில் இடம்பெற்றது. குழந்தை கதையைப் படிக்க, 'தியா' என்ற கார்ட்டூன் பெண் கேட்பாள். தடுக்கிய சொல்லை உச்சரித்துக் காட்டுவாள். கதைகளை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் இன்டர்நெட் வேண்டாம்.

தமிழக அரசு 2022 ஜூனில் 'இல்லம் தேடிக் கல்வி' மையங்களில் இதைக் கொண்டு 12 நாள் வாசிப்பு மாரத்தான் நடத்தியது. அங்கே செல்போன் தனியாகப் போகவில்லை. பக்கத்தில் தன்னார்வலர் ஒருவர் இருந்தார்.

மலையில் அந்த ஆள் இன்னும் அவசியம். பேச்சை அடையாளம் காணும் மென்பொருளுக்குப் பழக்கப்பட்டது பொது உச்சரிப்பு. வீட்டில் சோலிகம் பேசும் குழந்தை சரியாகவே படித்தாலும், கருவி தவறு என்று சொல்லக்கூடும். நாலு முறை அப்படி நடந்தால் குழந்தை வாயை மூடிக்கொள்ளும். அது கருவியின் பிழை என்று சொல்ல அந்த ஊர்ப் பேச்சு தெரிந்த ஒருவர் வேண்டும்.

இதற்கு வழிகாட்ட வெளியே தேட வேண்டியதில்லை. 1995ல் மைசூர் மாவட்டத்தின் ஹெக்கடதேவன கோட்டையில் தொடங்கிய 'நலி கலி' முறையில் பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து, அட்டைகளை வைத்து, அவரவர் வேகத்தில் படிக்கிறார்கள். அந்தக் குழுக்களில் ஒன்றுக்குச் செல்போனைக் கொடுக்கலாம். அந்த நேரத்தில் மிகவும் பின்தங்கிய நாலைந்து பேரை ஆசிரியர் தம் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லலாம்.

செயலிக்குச் செலவில்லை. செல்போன், அதைச் சார்ஜ் செய்ய மின்சாரம், சோலிகம் அறிந்த உதவியாளர் ஆகியவற்றுக்குத்தான் பணம் வேண்டும். திட்டம் போடுகிறவர்கள் முதலில் கணக்கிட வேண்டியது அதைத்தான்.