உச்சி வெயிலில் வாசிக்கக் கிடைக்கும் உத்திரமேரூர்

"உச்சி வெயிலில் கேமராவைத் தூக்காதே" என்பது படமெடுக்கக் கற்றுக்கொள்ளும் எவருக்கும் சொல்லப்படும் முதல் பாடம். கண்குழி கறுத்துப்போகும், வானம் வெளிறிப்போகும். கல்யாண வீட்டுக்கு அது சரி. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவருக்கு அது பொருந்தாது. காலை ஏழரை மணி இளவெயிலில் கிழக்குச் சுவரை நேருக்கு நேர் எடுத்துப் பாருங்கள். கல் பளிச்சென்று விழுந்திருக்கும், எழுத்து விழுந்திருக்காது.

கல்வெட்டு எழுத்துக்குத் தனி நிறம் கிடையாது. அது கல்லில் வெட்டிய ஆழமில்லாத பள்ளம். வெளிச்சம் எதிரே நின்று அடித்தால் பள்ளத்துக்குள்ளும் நிரம்பிவிடும். சுவரை உரசிக்கொண்டு வந்தால்தான் ஒவ்வொரு கீறலின் ஓரத்திலும் நூல் போல ஒரு நிழல் விழும். அந்த நிழலைத்தான் நாம் எழுத்தாக வாசிக்கிறோம். இரவில் வண்டி விளக்கில் சாலையின் சின்னக் குழிகூடக் கிணறு மாதிரித் தெரிகிறதல்லவா, அதே கதைதான்.

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் இந்த ஊரை நாடு முழுக்கப் பேசவைத்தவை முதலாம் பராந்தக சோழன் காலத்து இரண்டு கல்வெட்டுகள். ஒன்று 919ஆம் ஆண்டு, இன்னொன்று 921. ஊர் 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாக, பிரிக்கப்பட்டது, பெயர் எழுதிய ஓலைகள் குடத்தில் இடப்பட்டன, விவரமறியாத ஒரு சிறுவன் அதிலிருந்து ஓலையை எடுத்தான் என்று குடவோலை முறையை அவை விவரிக்கின்றன. சொந்த நிலமும் வேதப் பயிற்சியும் உள்ளவர்களுக்கான ஏற்பாடு அது. ஊரார் எல்லோருக்குமான தேர்தல் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் கொஞ்சம் ஏமாறத்தான் வேண்டும். 919ஆம் ஆண்டு விதியில் வயது 30க்கு மேல், 60க்குள். இரண்டே ஆண்டில் அது 35க்கு மேல், 70க்குள் என்று மாறியது. ஒரு சொல் மாறினால் விதியே மாறும் ஆவணம் இது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இந்த ஊரின் பெயரைச் சொன்னார். ஊரைத் தேடிப் போகிறவர் யாராக இருந்தாலும் கையில் இன்று ஒரு போன் இருக்கிறது. எந்தச் செயலி எதற்கு உதவும், எது கெடுக்கும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கிளம்பும் முன் வெயிலைப் பாருங்கள்

கேமராச் செயலிக்கும் முந்தி வேண்டியது சூரியச் செயலி. சன் சர்வேயர், போட்டோபில்ஸ் இரண்டும் பெயர் பெற்றவை. காசு செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு சன்கால்க் என்ற இணையதளம் இலவசம். வரைபடத்தில் கோயில் மேல் புள்ளி வைத்து, தேதியையும் நேரத்தையும் நகர்த்தினால் வெயில் எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு உயரத்திலிருந்து வருகிறது என்று கோடு போட்டுக் காட்டும்.

உத்திரமேரூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 12.6 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 23, 24 வாக்கிலும் ஆகஸ்ட் 19, 20 வாக்கிலும் சூரியன் இங்கே நேர் தலைக்கு மேல் வரும். நிழலில்லா நாள் என்று பள்ளிக்கூடங்களில் குச்சி நட்டுக் காட்டுவார்களே, அதுதான். அந்த நாள்களை ஒட்டிய நண்பகலில் நான்கு பக்கச் சுவர்களிலும் வெயில் மேலிருந்து கீழாக வழுக்கிக்கொண்டு இறங்கும். நண்பகல் என்றால் கடிகாரத்தின் 12 என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது. உத்திரமேரூர் அதற்கு மேற்கே இருப்பதால் ஏப்ரல் கடைசியில் இங்கே உச்சி 12 மணி 9 நிமிடம் வாக்கில்தான். இந்த நிமிடக் கணக்கையும் செயலியே சொல்லிவிடும்.

ஆனால் கோயில் கட்டியவர்கள் படமெடுப்பவரை நினைத்துக் கட்டவில்லை. கூரை விளிம்பு, அதாவது கொடுங்கை, வெளியே நீண்டிருக்கும். அது ஒன்றரை அடி நீண்டிருப்பதாக வைத்துக்கொண்டால், வெயில் சுவரோடு 20 பாகைக் கோணத்தில் இறங்கும்போது விளிம்புக்குக் கீழே சுமார் 4 அடி நிழலில் கிடக்கும். 30 பாகையில் அந்த நிழல் இரண்டரை அடியாகச் சுருங்கும், கூடவே எழுத்தின் கூர்மையும் கொஞ்சம் குறையும். ஏப்ரல் கடைசியில் மேற்குச் சுவருக்கு இந்த இரண்டு கோணங்களும் பிற்பகல் 1.30க்கும் 2.10க்கும் அமைகின்றன. கிழக்குச் சுவருக்கு அதையே திருப்பிப் போட்டால் காலை 10.10 முதல் 10.50 வரை. ஆக, ஒரு சுவருக்குக் கிடைப்பது நாற்பது நிமிடம். மோருக்கும் தொப்பிக்கும் தனியாக ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

போன் எடுக்கும் படமும் நாம் எடுக்கும் படமும்

போனோடு வரும் கேமரா ஒரு சொடுக்கில் பல படங்களை எடுத்து, அவற்றைக் கலந்து, இரைச்சலைத் துடைத்து, ஓரங்களைக் கூர்தீட்டி நமக்கு ஒன்றைக் கொடுக்கிறது. முகத்துக்கு அது அழகு. கருங்கல்லின் சொரசொரப்பை அது அழுக்கு என்று நினைத்து வழித்துவிடும். மழுங்கிய எழுத்தும் அதோடு போகும். இதைத் தவிர்க்கத்தான் ரா கோப்பு. லென்ஸ் பார்த்ததை ஏறக்குறைய அப்படியே டிஎன்ஜி வடிவில் சேமிப்பது. ஆண்ட்ராய்டில் ஓப்பன் கேமரா என்ற செயலி இலவசம், விளம்பரமும் கிடையாது. போன் இடம் கொடுத்தால் ரா எடுக்கும். ஒளியளவு, ஃபோகஸ் எல்லாவற்றையும் கையால் வைக்கலாம். அடோபியின் லைட்ரூம் செயலிக்குள் இருக்கும் கேமராவும் டிஎன்ஜி எடுக்கும். 12 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா படம் சுமார் 25 எம்பி பிடிக்கும். கிளம்பும் முன் போனில் இடம் காலி செய்துகொள்வது நல்லது.

அகலக் கோண லென்ஸை, அதாவது 0.5 என்று காட்டுவதை, தொடாதீர்கள். ஓரத்து எழுத்துகள் சாய்ந்து நீளும். இரண்டடி பின்னால் போய், தனி டெலி லென்ஸ் இருந்தால் அதை வைத்து, போனைச் சுவருக்கு இணையாகப் பிடியுங்கள். ஒளியளவை ஒரு படி குறைத்தால் வெயில் பட்ட கல் வெளுத்துப்போகாது. ஒவ்வொரு படமும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கையாவது திரும்பப் பிடிக்க வேண்டும். ஓரத்தில் ஒரு அளவுகோல் வைத்தால் பிற்பாடு வாசிப்பவர் வாழ்த்துவார்.

எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸ், விபூதி, மாவு எதையும் கல்லில் தேய்க்காதீர்கள். இதைச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம்தான்.

நீளச் சுவரை எடுக்க போனின் பனோரமாவை நம்பவும் வேண்டாம். நின்ற இடத்தில் சுழன்று எடுக்கும் காட்சிக்காக அமைத்தது அது. சுவரோடு நடந்துகொண்டே எடுத்தால் வரிகள் பாம்பாக நெளியும். தனித்தனிப் படங்களாக எடுத்து, வீட்டுக் கணினியில் ஹியூகின் என்ற இலவச மென்பொருளில் ஒட்டுவதே முறை. இந்த யோசனைக்கு வயது 160க்கு மேல். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை அடுத்தடுத்து எடுத்து, 21 அச்சுகளை ஒட்டிச் சுமார் 19 அடி நீளச் சுருளாக்கினார். வெயிலில் பெட்டி கேமராவையும் ரசாயனத்தையும் சுமந்துகொண்டு அவர் செய்ததை, நாம் ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில் செய்துவிடலாம்.

திருத்துவதில் எங்கே நிற்க வேண்டும்

திருத்துவதற்கு ஸ்னாப்சீட் போதும். 2012இல் கூகுள் நிறுவனம் அதை உருவாக்கிய நிக் சாஃப்ட்வேரை வாங்கியது. இலவசம், டிஎன்ஜியையும் திறக்கும். முதலில் பெர்ஸ்பெக்டிவ் கருவியில் வரிகளை நேராக்குங்கள். அடுத்து பிளாக் அண்ட் ஒயிட். அதில் வண்ண வடிகட்டி என்று ஒரு பொத்தான் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. கோயில் சுவரில் காவியும் சுண்ணாம்பும் மாற்றி மாற்றிப் பட்டை அடித்திருந்தால், கல்வெட்டின் மேலேயே அந்தப் பட்டைகள் ஓடி வாசிப்பைக் குழப்பும். சிவப்பு வடிகட்டியைத் தேர்ந்தால் காவி வெளுத்து, சுண்ணாம்போடு கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். பாசி படிந்த கல்லுக்குப் பச்சை வடிகட்டியை முயன்று பாருங்கள்.

பிறகு டீடெயில்ஸ் கருவியில் ஸ்ட்ரக்சரைக் கொஞ்சமாக ஏற்றுங்கள். கடைசியாக ஒரு வித்தை: கர்வ்ஸ் கோட்டின் இடது முனையை மேலேயும் வலது முனையை அடியிலும் இழுத்துவிட்டால் படம் நெகட்டிவாகி, நிழல் விழுந்த கீறல் வெள்ளையாகும். கல்வெட்டு அறிஞர்களுக்குப் பழகிய தோற்றம் அது. ஈரத்தாளைக் கல்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டிப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றி எடுக்கும் மைப்படியில் எழுத்து வெள்ளையாகத்தான் நிற்கும்.

இத்தோடு நிறுத்த வேண்டும். மங்கிய படத்தைத் தெளிவாக்கித் தருகிறோம் என்று சொல்லும் ஏஐ செயலிகளிடம் கல்வெட்டைக் கொடுக்கக் கூடாது என்பேன். அவை காணாததைக் கண்டுபிடிப்பதில்லை, ஊகித்து வரைகின்றன. 2013இல் ஜெர்மானியக் கணினி அறிஞர் டேவிட் கிரீசல் ஒரு வீட்டு வரைபடத்தை ஜெராக்ஸ் நிறுவன இயந்திரத்தில் ஸ்கேன் செய்தபோது, வெவ்வேறு அளவுள்ள மூன்று அறைகளுக்கும் 14.13 சதுர மீட்டர் என்றே வந்தது. கோப்பைச் சுருக்கும் நிரல், ஒன்றுபோல் தெரிந்த எண்களை ஒன்றுக்கு இன்னொன்றாக மாற்றி வைத்திருந்தது. சில ஆவணங்களில் 6 என்பது 8 ஆனது. ஏஐ இல்லாத காலத்து ஜெராக்ஸே இப்படி!

சோழர் காலத்து எழுத்தில் இந்த ஆபத்து இன்னும் பெரிது. மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலிருக்கும். ஒரு பொறிவு எழுத்தின் பகுதியா, உளி வழுக்கியதா, பிற்காலச் சிராய்ப்பா என்பதை வாசிப்பவர் சொற்றொடரை வைத்து முடிவு செய்கிறார். அந்தப் பொறிவை இயந்திரம் முன்கூட்டியே அழகாக மெழுகிவிட்டால் அவருக்கு முடிவு செய்ய எதுவும் மிச்சமிருக்காது. முப்பதா, முப்பத்தைந்தா என்பது இப்படியொரு கீறலில்தான் நிற்கிறது. கூகுள் லென்ஸ் இன்றைய அச்சுத் தமிழை நன்றாகவே வாசிக்கும். பத்தாம் நூற்றாண்டுக் கல்லை அதனிடம் ஒப்படைத்துவிட முடியாது.

திருத்தாத மூலப் படத்தை அழிக்காமல் வைத்திருங்கள். கோப்பின் பெயரில் ஊர், கோயில், எந்தப் பக்கச் சுவர், இடமிருந்து எத்தனையாவது படம் என்று எழுதுங்கள். கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் குடத்தின் பக்கமே விடாத ஊர் இது. நம் கணக்கும் சரியாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், எடுத்த தேதியும் இடமும் சொல்லும் குறிப்புகளும் உதிர்ந்துவிடும். டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் முதல் கணக்கில்லாத இலவச இடம் தருவதில்லை, 15 ஜிபிதான். அதிலும் 'ஒரிஜினல்' தரம் என்று தேர்ந்தெடுத்தால்தான் படம் சுருங்காமல் போய்ச் சேரும். ஊருக்கும் பயன்பட வேண்டும் என்றால் விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றலாம்.

  

வடக்குச் சுவர்

எந்தக் கோயிலிலும் சிக்கல் வடக்குச் சுவர்தான். சரியாக வடக்கு நோக்கிய சுவரில், புரட்டாசி முதல் வாரம் கடந்தால் பங்குனி முதல் வாரம் வரை நேர் வெயில் படவே படாது. அந்த ஆறு மாதத்தில் போகிறவர், கூட வந்தவரிடம் இன்னொரு போனின் டார்ச்சைக் கொடுத்து, சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்ல வேண்டும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, மேலிருந்து ஒன்று என்று ஒரே இடத்தை மூன்று விதமாக எடுங்கள். படுக்கைக் கோடுகள் ஒரு வெளிச்சத்தில் தெரியும், நெடுக்குக் கோடுகள் இன்னொன்றில்.

இந்த டார்ச் வேலையை ஒழுங்குபடுத்தியதுதான் ஆர்டிஐ. தகவல் உரிமைச் சட்டத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஹெச்பி ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டரும் உடனிருந்தவர்களும் 2001இல் வெளியிட்ட உத்தி இதற்கு அடிப்படை. கேமராவை அசையாமல் நிறுத்தி, எழுத்தின் பக்கத்தில் பளபளக்கும் கருப்புக் கோலி ஒன்றை வைத்து, ஒரே நீளக் கயிற்றால் தூரம் அளந்து விளக்கை நகர்த்தி நகர்த்தி நாற்பது ஐம்பது படம் எடுப்பார்கள். கோலியில் விழும் மினுக்கை வைத்து ஒவ்வொரு படத்திலும் விளக்கு எங்கே இருந்தது என்று மென்பொருள் கணக்கிட்டுக்கொள்ளும். அப்புறம் கணினித் திரையில் மவுஸை நகர்த்தினால் வெளிச்சம் நகரும். கிரேக்கத்தின் ஆன்டிகைதெரா இயந்திரத்தில் மங்கிப்போயிருந்த எழுத்துகளை 2005இல் இப்படித்தான் துலக்கினார்கள். இத்தாலியின் பீசா நகர ஆய்வகம் தரும் ரிலைட் மென்பொருள் இலவசம்.

இதற்கு முக்காலி கட்டாயம். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடங்களில் போனால் படமெடுப்பது வேறு, முக்காலியும் விளக்கும் கொண்டு போவது வேறு. எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் நாள்காட்டியைப் பார்க்கலாம். ஜூன் 21 வாக்கில் உத்திரமேரூரில் நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே சுமார் 11 பாகை தள்ளி நிற்கும். கொடுங்கையின் நிழல் அப்போதும் கீழே நீண்டு கிடக்கும் என்பதால் சுவரின் அடிப்பகுதிக்கும் அதிட்டானம் எனும் அடித்தளத்துக்கும்தான் அந்த வெயில் எட்டும். நேரம் 12 மணி 13 நிமிடம், சில நிமிடம் முன்பின்னாக.