ரமலானும் ரம்ஜானும்: ஓரெழுத்து வந்த இரு வழிகள்

காரைக்குடியில் எம்மிடம் ஓதும் மாணவர் ஒருவர், விடுமுறை கழித்துத் திரும்பியதும் ஒரு செய்தி சொன்னார். தம் பாட்டியார் ‘ஒளு’ என்று சொல்வதைத் திருத்தி, ‘வுதூ’ என்று சொல்ல வைத்துவிட்டாராம். அவருக்குப் பெருமிதம், எமக்கோ வருத்தம். பாட்டியார் சொன்னது பிழையன்று.

அரபியை ‘ளாதின் மொழி’ என்பர். அவ்வெழுத்தின் பிறப்பிடம் நாவின் பக்கவோரமும் அதனையடுத்த கடைவாய்ப் பற்களுமாகும் என ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டின் இலக்கண மேதை சீபவைஹி வரையறுத்தார். நாவோரத்தில் பிறக்கும் ஒலி நம் லகர ளகரங்களுக்கு உறவுடையது. இன்று அரபு நாடுகளின் பேச்சில் அது பெரும்பாலும் வேறொலியாகிவிட்டது. அதன் பழஞ்சுவடு தங்கியிருப்பதோ அயல்மொழிகளில். நகரத் தலைவரைக் குறிக்கும் ஸ்பானியச் சொல் ‘அல்கால்தே’. அது ‘அல்காளீ’ என்பதன் வழிவந்தது. மலாய் மொழியின் ‘ரெலா’ நம் ‘ரிளா’வே. ரமலான், பர்ளு, வுளூ என நம் முன்னோர் வழங்கியவையும் இவ்வரிசையின. இவை கடல்வழி வந்த அரபு வணிகரோடு பழகிய நாவுகளில் படிந்தவை என்று கருத இடமுண்டு.

தரைவழி வந்த சொற்களின் கதை வேறு. பாரசீகத்தார் இவ்வெழுத்தை உரசொலியாக்கினர். அவர் மொழி ஆட்சிமொழியாயிருந்த காலத்தில் அலுவலகச் சொற்களாக வந்தவற்றைத் தமிழ் ஜகரத்தால் எழுதிக்கொண்டது. ஹாளிர் ‘ஆஜர்’ ஆனது. மாளீ ‘மாஜி’ ஆனது. ளாமின் ‘ஜாமீன்’ ஆனது. பிக்ஹு நூலில் ‘ளமான்’ பாடத்தைப் புரியவில்லை என்று சொல்லும் மாணவர், அதே வேர்ச்சொல்லை நீதிமன்றச் செய்தியில் நாள்தோறும் படிக்கிறார்! ரம்ஜான் என்பதும் இவ்வழியே வந்தது. இரு வழிகளும் நம் மதரஸாவிலேயே சந்திக்கின்றன. ‘வுளூ’ச் செய்து வரும் பிள்ளை, ஆசிரியரை ‘ஹஜ்ரத்’ என விளிக்கிறான். எழுத்து ஒன்றே, ஒலி இரண்டு.

செட்டிநாட்டுக்கு இத்தகைய வேறுபாடு புதிதன்று. எம் வீட்டில் ‘அத்தா’ என்றால் தந்தை. அடுத்த தெரு நகரத்தார் வீட்டில் ‘ஆத்தா’ என்றால் தாய். கீழக்கரைச் சம்பந்தி வந்தால் தந்தை ‘வாப்பா’ ஆகிவிடுவார். இதனால் எவரும் எவரையும் திருத்தப் புகுவதில்லை.

வளைகுடாவிலிருந்து திரும்புவோர் இப்போது ‘ரமதான்’ என்கின்றனர். குர்ஆன் ஓதும்போது தஜ்வீதின் விதியே விதி, அங்கே சமரசமில்லை. தமிழ் பேசும்போதோ தமிழில் வேரூன்றிய வடிவமே எமக்கு உகந்தது.

அந்த மாணவர் மறுநாள் வேறொரு வினாவோடு வந்தார். ‘லுஹர்’ என்பதில் உள்ளது ளாத் அன்றே, அங்கு லகரம் எப்படி வந்தது என்றார். நல்ல வினா. அரபுப் பேச்சுவழக்குகள் பலவற்றில் அவ்விரு எழுத்துகளும் நெடுங்காலம் முன்பே ஒன்றோடொன்று கலந்துவிட்டன. மலாய்க்காரரும் அத்தொழுகையை ‘லொஹோர்’ என்றே வழங்கினர்.