டயர் ஸ்ட்ரெய்ட்ஸ்: மூன்றில் எது?

ஒரு டீயைப் பை-டூ சொல்லிவிட்டு உட்காருங்கள். அது ஆறுவதற்குள் முடிகிற விஷயம்தான்.

பெங்களூரில் பழைய சிடியும் எல்பியும் விற்கும் கடையில் 'டி' வரிசையைப் புரட்டினால் ராக் குழுவான டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் கிடைக்காமல் போகாது. இந்த ஊருக்கும் அந்தக் குழுவுக்கும் அப்படி ஒரு பந்தம். ரெஸ்ட் ஹவுஸ் சாலை பெக்கோஸ் பப்பில் கேசட் அடுக்கிவைத்துப் பழைய ராக் போட்ட காலத்திலிருந்தே, அல்சூர், காக்ஸ் டவுன் பக்கத்துத் தமிழ்ப் பையன்களும் கிடார் கையில் எடுத்ததும் முதலில் முயன்றது 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்' தான். குழுவின் பாடகரும் கிடார்காரருமான மார்க் நாஃப்ளர் பிக் பிடிக்காமல் வெறும் விரலால் வாசிப்பவர். வீணை பார்த்து வளர்ந்த நம்மவர்களுக்கு அது அந்நியமாகப் படவில்லை என்பது என் ஊகம். குழு கலைந்தது 1995இல். பத்து வருடம் கழித்து, 2005 மார்ச்சில், நாஃப்ளர் தன் சொந்தக் குழுவோடு அரண்மனை மைதானத்துக்கு வந்து வாசித்தார்.

சரி, கேள்விக்கு வருவோம். புதிதாகக் கேட்க வருபவர் கையில் மூன்று 'பெஸ்ட்' தொகுப்புகள் சிக்கும். 1988இல் வந்த 'மணி ஃபார் நத்திங்', 1998இல் வந்த 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்', 2005இல் வந்த 'பிரைவேட் இன்வெஸ்டிகேஷன்ஸ்'. மூன்றுக்கும் ஒரு பாட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள். எது பாட்டு, எது தட்டு என்று கடைக்காரரே குழம்புவார். சுல்தான்ஸ், ரோமியோ அண்ட் ஜூலியட், வாக் ஆஃப் லைஃப், பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ் எல்லாம் மூன்றிலும் உண்டு. அதனால் என்ன பாட்டு இருக்கிறது என்று பார்த்தால் தேர்ந்தெடுக்க முடியாது. அட்டையின் பின்பக்கம் பாட்டுக்கு நேரே போட்டிருக்கும் நிமிடக் கணக்கைப் பாருங்கள். சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். எண்பதுகளில் ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துக் கேசட் பதிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். டிடிகே 60 என்றால் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம், ஆறு பாட்டு. ஏழாவதாக ஒன்றைத் திணித்தால் பல்லவியோடு நின்றுவிடும். கம்பெனிக்காரர்களுக்கும் அதே தலைவலிதான். எல்பியில் ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம், சிடியில் மொத்தமாக 74 நிமிடமோ கொஞ்சம் கூடவோ. டயர் ஸ்ட்ரெய்ட்ஸோ நீட்டி வாசிக்கிற குழு. 'டெலிகிராஃப் ரோடு' 14 நிமிடம். 'டனல் ஆஃப் லவ்' 8 நிமிடம். 'மணி ஃபார் நத்திங்' ஆல்பத்தில் 8 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. கூடப் பாடிய பாடகர் ஸ்டிங்கின் குரல் மெல்ல எழும்பி, டிரம்ஸ் உருண்டு வந்து, அதற்கப்புறம் கிடார் வெட்டிக்கொண்டு நுழையும். அந்தக் காத்திருப்புதான் பாட்டின் பாதி சுகம். 1988, 1998 தொகுப்புகள் இரண்டிலும் அதை 4 நிமிடச் சொச்சத்துக்கு நறுக்கிவிட்டார்கள். 7 நிமிட 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' பாட்டுக்கும் கத்தரி விழுந்திருக்கிறது.

இதில் 1988 தொகுப்பு கொஞ்சம் வினோதமானது. 'டெலிகிராஃப் ரோடு' அதில் உண்டு, ஆனால் மேடையில் வாசித்தது. அதுவும் சிடியில்தான், அப்போது வந்த எல்பியில் இடம் போதாமல் விட்டுவிட்டார்கள். 2022இல் இரட்டை எல்பியாக மறுபடி வெளியிட்டபோதுதான் சேர்த்தார்கள். பழைய ஒற்றை எல்பிக்கு யாராவது அதிக விலை சொன்னால் இதை நினைவில் வையுங்கள். 'போர்டோபெல்லோ பெல்' மேடை வடிவம், வேறு விதமாகக் கலவை செய்த ஓரிரு பாட்டுகள் என்று ஏற்கெனவே எல்லாம் வைத்திருப்பவருக்குத்தான் இது விருந்து. 1991இல் வந்த கடைசி ஆல்பமான 'ஆன் எவ்ரி ஸ்ட்ரீட்' பாட்டுகள் இதில் இருக்க வழியே இல்லை. ஆனால் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' ஆல்பத்தின் முதல் பாட்டான 'சோ ஃபார் அவே' இல்லாததற்கு எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை.

1998 தொகுப்பு ஒழுங்கானது. 16 பாட்டு, 1978இலிருந்து 1991 வரை ஏறக்குறைய வரிசைப்படி. 'லேடி ரைட்டர்', 'சோ ஃபார் அவே', 'காலிங் எல்விஸ்' எல்லாம் உண்டு. 'லோக்கல் ஹீரோ' படத்தின் இசையை மேடையில் வாசித்ததோடு முடிகிறது. காரில் போட்டுக்கொண்டு சில்க் போர்டு நெரிசலைத் தாண்ட இதுவே தோது. நறுக்கியதை விட்டால் ஒரே குறை, 'டெலிகிராஃப் ரோடு' இல்லை.

2005இல் வந்தது நாஃப்ளரின் தனி ஆல்பங்களையும் சேர்த்துக்கொண்டது. ஒற்றைத் தட்டு, இரட்டைத் தட்டு என்று இரண்டு பதிப்பு இருக்கிறது. இரட்டையைத் தவிர வேறு எதையும் எடுக்காதீர்கள். 'டெலிகிராஃப் ரோடு' அதில்தான் இருக்கிறது. ஜேம்ஸ் டெய்லரோடு பாடிய 'செய்லிங் டு பிலடெல்பியா', எமிலூ ஹாரிஸோடு பாடிய 'ஆல் தி ரோட்ரன்னிங்' இரண்டும் உண்டு. அரண்மனை மைதானத்தில் நின்று கேட்டவர்கள் இதைத்தான் வாங்குவார்கள். அன்றைக்கு மேடையேறியவர் தனி நாஃப்ளர் அல்லவா. ஆனால் டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் மட்டும் வேண்டும் என்பவருக்கு இரண்டாவது தட்டில் பொறுமை குறையலாம். தொண்ணூறுகளுக்குப் பிறகு அவர் குரலும் வேகமும் இறங்கி, நாட்டுப்புறப் பக்கம் சாய்ந்துவிட்டது.

எல்லாம் இப்போது போனிலேயே கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறதுதான். ஆனால் அங்கேயும் ஒரே பாட்டு நறுக்கியதும் முழுசுமாகப் பல வடிவில் கிடக்கிறது. விரல் வைக்கும் முன் நிமிடத்தைப் பாருங்கள்.

முதல்முறை வாங்குகிறீர்கள் என்றால் 1998 தொகுப்பை எடுங்கள். அது பிடித்துப்போனால் அடுத்ததாக இன்னொரு தொகுப்பைத் தேடாமல் 1982இல் வந்த 'லவ் ஓவர் கோல்ட்' ஆல்பத்தை வாங்குங்கள். மொத்தமே 5 பாட்டு. முதல் பாட்டு, முழு 14 நிமிட 'டெலிகிராஃப் ரோடு'.