இருதயச் சோதனைகளில் எது சிறந்தது?

எங்கள் திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள். ஆண்டின் நாளுக்கு ஒரு படி என்பார்கள் பெரியவர்கள். ஆடிக் கிருத்திகைதோறும் அவற்றை ஏறிவிடும் என் தாத்தா, சென்ற ஆண்டு பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சற்று நேரத்தில் வலி நின்றது. "ஒன்றுமில்லையம்மா, வாயுத் தொந்தரவு" என்றார். பாட்டி கேட்கவில்லை; மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம்.

ஓய்வில் எடுத்த ஈ.சி.ஜி. சரியாகவே இருந்தது. ஆனால் மருத்துவர், "ஏறும்போது வந்து, உட்கார்ந்தால் போகும் வலியை அலட்சியம் செய்யக் கூடாது" என்றார். உடனே சித்தப்பா, "டாக்டர், இருப்பதிலேயே பெரிய சோதனையாக எடுத்துவிடுங்கள்" என்றார். மருத்துவர் புன்னகைத்தார். அன்று அவர் விளக்கியதையும், பின்பு நான் படித்தறிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

தோழியரே! இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்பவை கரோனரி தமனிகள். அவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்தால் வழி குறுகும். அப்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது? அதனால் பயிர் வாடுகிறதா?

பயிரைப் பார்ப்பவை இரண்டு. முதலாவது எக்கோ. ஒலி அலைகளால் இருதயம் சுருங்கி விரிவதைக் காட்டும், கதிர்வீச்சு இல்லை. நடக்க வைத்தோ, மருந்து செலுத்தியோ இருதயத்துக்கு வேலை கொடுத்து எடுத்தால், இரத்தம் போதாத பகுதி சரியாகச் சுருங்காதது தெரியும். இரண்டாவது அணு ஸ்கேன். சிறிதளவு கதிரியக்க மருந்தை ஊசி வழியே செலுத்துவார்கள். இரத்தம் குறைந்த பகுதி படத்தில் மங்கலாகத் தோன்றும்.

வாய்க்காலைப் பார்ப்பவையும் இரண்டு. சி.டி. ஆஞ்சியோகிராமில், கை நரம்பில் சாய மருந்து செலுத்திப் படம் எடுப்பார்கள். அடைப்பு இல்லை என்று உறுதி செய்ய இது மிகவும் நல்லது. சுண்ணாம்பு அதிகம் படிந்த குழாய்களில் மட்டும் படம் தெளிவாக வராது. மற்றொன்று, மணிக்கட்டு அல்லது தொடைத் தமனி வழியே மெல்லிய குழாயை இருதயம்வரை செலுத்தும் ஆஞ்சியோகிராம். தேவையானால் அப்போதே ஸ்டென்ட் வைக்கலாம். 1975-இல் சென்னை பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் கரோனரி பைபாஸ் அறுவையைச் செய்தார். அத்தகைய அறுவைக்கு வழிகாட்டும் வரைபடம் இந்தச் சோதனையே.

அப்படியானால் எது சிறந்தது? வட அமெரிக்காவில் 10,003 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், முதலில் சி.டி. எடுத்தவர்களுக்கும், பயிரைப் பார்க்கும் சோதனை செய்துகொண்டவர்களுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஐரோப்பாவில் 3,561 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், நேராகக் குழாய் செலுத்தியவர்களைவிட, முதலில் சி.டி. எடுத்தவர்களுக்குச் சோதனையால் வந்த பெரிய சிக்கல்கள் குறைவு. எனவே 'பெரிய' சோதனை எல்லோருக்கும் நல்ல சோதனையாகிவிடாது.

தாத்தாவுக்குச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் பலவீனம். சாய மருந்து அதற்குக் கெடுதல் செய்யலாம் என்பதால் மருத்துவர் அணு ஸ்கேனைத் தேர்ந்தார். ஒரு சிறு பகுதியில் மட்டும் இரத்தம் குறைந்திருந்தது. மாத்திரையும் நடைப்பயிற்சியுமே இப்போது சிகிச்சை. இந்த ஆண்டு அவர் மலைப்பாதையில் வண்டியில் சென்று முருகனைத் தரிசித்தார்.

ஒன்றை மறவாதீர்கள். ஓய்வெடுத்தும் நிற்காத நெஞ்சு வலிக்கு எந்தச் சோதனை என்று யோசிக்க நேரமில்லை. உடனே 108-ஐ அழையுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் படியேறும்போது நின்றால், "ஏன் நின்றீர்கள்?" என்று அன்போடு கேளுங்கள். முதல் சோதனை அதுவே!

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி