திருகாணித் துளையின் மையம்

கொழும்பிலே புதுக்கடை நீதிமன்றங்களாற் பெயர்பெற்றது; அதனை அடுத்த பழைய சோனகத் தெரு இரும்புச் சாமான் கடைகளாற் பெயர்பெற்றது. அங்கே பித்தளைப் பிணைச்சலொன்றை வாங்குதல் எளிது. அதனை முதிரைக் கதவிற் பிழையறப் பொருத்துதலோ அரிது. அவ்வருமை முழுதும் துளையின் மையத்திலே தங்கியுள்ளது.

பிணைச்சற்றகட்டின் துளைகள் மேல்விரிந்து கீழொடுங்கிய கூம்பு வடிவின. திருகாணித் தலையும் அவ்வாறே கூம்பியிருத்தலின், இரண்டின் நடுவும் ஒன்றாயின் தலை தகட்டோடு சமனாக அமரும். மரத்திலிட்ட துளை சற்றே விலகினும், கூம்பின் ஒரு பக்கம் முந்தி முட்டித் தகட்டைத் தள்ளும். தலையும் சாய்ந்து மேலெழுந்து நிற்கும். அதனால் இரு தகடுகளும் தம்முட் பொருந்தா. கதவை வலிந்து சாத்துந்தோறும் திருகாணிகள் சிறிது சிறிதாகப் பிடிவிடும்.

துளையிடும் அலகு விலகுவதேன்? இன்று எங்கும் வழங்கும் முறுக்கு அலகு 1863ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய ஸ்டீவன் மோர்ஸ் என்பார் காப்புரிமை பெற்றது. அதன் நுனி ஊசிபோற் கூரியதன்று. இரு வெட்டுவாய்களுக்கும் இடையே உளிவாய் போன்ற குறுகிய விளிம்பொன்று உண்டு; அது மரத்தை வெட்டாது தேய்த்தே செல்லும். ஆகவே தொடக்கத்திற் பற்றிடமின்றி அலைந்து, வன்மையான வரியை விட்டு மென்மையான வரிக்கு வழுக்குகின்றது. முதிரையின் வரிகளோ பின்னிச் செல்வன. அங்கே கண்ணளவு போதாது.

தமரூசியால் நடுவிற் சிறு குழியிட்டு அலகுக்குப் பற்றிடம் அமைத்தலே பழைய வழி. கூம்புமுனைக் குழலொன்றினுள் அலகு சுழலும் கருவியும் இப்போது உண்டு. குழலின் கூம்பு தகட்டின் கூம்பிற் படிந்து தானே நடுவை நாடும். எதனைக் கையாளினும், ஒரு துளையை மட்டும் இட்டுத் திருகாணியைப் பூட்டிக் கதவைச் சாத்திப் பார்த்த பின்னரே ஏனையவற்றை இடுதல் வேண்டும். எல்லாவற்றையும் ஒருங்கே துளைத்துவிடும் அவசரத்தினாலேயே பல கதவுகள் கெடுகின்றன.

பித்தளைத் திருகாணி மெலியது. வன்மரத்தில் நேரே முறுக்கின் ஒடிந்து துண்டு உள்ளே தங்கிவிடும். அதே அளவுள்ள உருக்குத் திருகாணியை முதலிற் செலுத்தி வழிசெய்து கழற்றியபின், பித்தளையை மெழுகு தடவிச் செலுத்துதல் நன்று. பிழைத்த துளையிலே தீக்குச்சியைத் திணித்தல் பயன்தராது. அலகு மீண்டும் பழைய வழியையே நாடும். மரமுளையைப் பசையிட்டு அடித்து, உலர்ந்தபின் புதிதாகத் துளைத்தலே தக்கது.

ஒரு விலகல் மாத்திரம் வேண்டியே செய்யப்படுவது. தகடு படியும் வெட்டுக்குழியின் உட்கரையை நோக்கித் துளையை மயிரிழையளவு தள்ளியிட்டால், இறுகும் திருகாணி தகட்டை அக்கரையோடு நெருக்கி அணைக்கும். அவ்வளவு மிகின் தலை சாயும்.